சானிடைசரும் சிரிப்பும்: கொள்ளைநோய்க் காலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐ உலகளாவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. அதையொட்டிக் கடைகளில் முதலில் காணாமல்போன பொருள்களில் சானிடைசரும் ஒன்று. அது காணாமல்போன வேகத்தில் அதைப் பற்றிய துணுக்குகளும் மீம்களும் பெருகின. கீழே உள்ள கேள்விகளில் பாதி பயத்தில் கேட்கப்பட்டவை, பாதி கிண்டலுக்காகக் கேட்கப்பட்டவை. எது எந்த வகை என்று பிரிக்கவில்லை. கிண்டலாகக் கேட்கப்பட்டவற்றில் சில, பயத்தில் கேட்கப்பட்டவற்றைவிட நல்ல கேள்விகள்.

கேள்வி: சானிடைசர் உண்மையிலேயே வேலை செய்கிறதா, அல்லது மனத்திருப்திக்காகத்தானா?

வேலை செய்கிறது. கொரோனா, இன்ஃப்ளூயன்சா போன்ற வைரஸ்களைச் சுற்றி மெல்லிய கொழுப்பு உறை ஒன்று இருக்கிறது. சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் வகைகளான எத்தனாலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ பட்டால் அந்த உறை கலைந்துவிடும், புரதங்களும் உருக்குலையும். உறை போன வைரஸால் நம் செல்லுக்குள் நுழைய முடியாது. ஜப்பானில் கியோட்டோ ஆய்வாளர்கள் 2020இல் மனிதத் தோல் மாதிரிகளில் சோதித்துப் பார்த்தார்கள். கோவிட் வைரஸ் தோலின்மீது ஏறத்தாழ 9 மணி நேரம் தாக்குப்பிடித்தது. இன்ஃப்ளூயன்சா 2 மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிட்டது. 80 சதவீத எத்தனாலை விட்டதும் இரண்டுமே 15 விநாடிக்குள் செயலிழந்தன.

இந்தச் சோதனைக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. திரவம் வைரஸைத் தொட்டாக வேண்டும். ஆய்வகத்தில் அது தானாக நடக்கிறது. கையில் அதை நாம்தான் செய்ய வேண்டும். சானிடைசர் தோற்றுப்போகும் இடங்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் குப்பியில் குற்றம் இருக்காது, பூசும் விதத்தில்தான் இருக்கும்.

கேள்வி: எல்லாக் குப்பியிலும் ஆல்கஹால் 70 சதவீதம் என்று போட்டிருக்கிறதே, 100 சதவீதமாக இருந்தால் இன்னும் நல்லதுதானே?

இல்லை. புரதத்தைக் குலைக்க ஆல்கஹாலுக்குத் தண்ணீரின் துணை வேண்டும். அதோடு, தண்ணீர் கலக்காத ஆல்கஹால் கையில் பட்டதும் பறந்துவிடும்; வேலை செய்ய அதற்கு நேரமே கிடைக்காது. 60 முதல் 95 சதவீதம் வரைதான் நன்றாகச் செயல்படும் அளவு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது.

கேள்வி: '99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும் என்று குப்பியில் போட்டிருக்கிறது, மிச்சம் 0.1 சதவீதம்தான் இப்போது உலகத்தையே முடக்கி வைத்திருக்கிறது' என்ற துணுக்கு உண்மையா?

அந்தக் காலத்தில் அதிகம் சுற்றிய துணுக்குகளில் இது ஒன்று. வேடிக்கைக்குள் ஒரு நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

துணுக்கு என்ன நினைத்துக்கொள்கிறது? ஆயிரம் வகைக் கிருமிகள் இருக்கின்றன, அவற்றில் 999 வகை செத்துப்போகும், ஒரே ஒரு முரட்டு வகை மட்டும் தப்பிக்கும், அதுதான் இந்த வைரஸ். குப்பியில் உள்ள எண் இதைச் சொல்லவே இல்லை. சோதனைக்கு எடுத்துக்கொண்ட கிருமிகளின் எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்பதுதான் அது. பத்து லட்சம் இருந்த இடத்தில் ஆயிரம் மிஞ்சினால் 99.9 சதவீதம். நூறு மிஞ்சினால் 99.99 சதவீதம். அதாவது, கூடுதலாக ஒரு ஒன்பது என்றால் மிச்சம் பத்தில் ஒரு பங்காகிறது. விளம்பரத்தில் கண்ணுக்கே தெரியாத அந்த ஒற்றை ஒன்பதுக்கு ஆய்வகத்தில் அவ்வளவு மதிப்பு.

மிஞ்சிய ஆயிரமும் வீரபரம்பரை அல்ல. திரவம் எட்டாத மடிப்பில் இருந்தவை, அழுக்குக்கு அடியில் பதுங்கியிருந்தவை, அவ்வளவுதான். இன்னொன்று, பாக்டீரியா தகுந்த சூழல் கிடைத்தால் கையிலேயே பெருகக்கூடும். வைரஸால் அது முடியாது. உயிருள்ள செல்லுக்குள் போனால்தான் அதற்குப் பிழைப்பு. தோலின் மேற்பரப்பில் கிடக்கும் வைரஸின் எண்ணிக்கை நேரம் ஆக ஆகக் குறையத்தான் செய்யும். எண்ணிக்கை குறையக் குறைய நோய் தொற்றும் வாய்ப்பும் குறையும்.

ஆனால் துணுக்கு எழுதியவருக்கு ஒரு வெற்றியை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அந்த 99.9 சதவீதம், தேர்ந்தெடுத்த சில கிருமிகளின்மீது, அளந்து ஊற்றிய திரவத்தால், ஆய்வக நிலைமையில் கிடைத்த எண். அவசரமாக இரண்டு உள்ளங்கைகளையும் ஒருமுறை உரசிவிட்டு நடந்துபோகிறவருக்கு அந்த எண் பொருந்தாது.

கேள்வி: எவ்வளவு எடுக்க வேண்டும்? எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும்?

உள்ளங்கைக் குழி நிறைய. ஏறத்தாழ 3 மில்லி லிட்டர். காய்வதற்கு 20 முதல் 30 விநாடி ஆக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பத்து விநாடியில் கை காய்ந்துவிட்டால் நீங்கள் எடுத்தது போதாது என்று பொருள். இதைவிட எளிய அளவுகோல் கிடையாது. காயும்வரை துடைக்கக் கூடாது, உடையில் தடவக் கூடாது, கையை உதறி ஆற்றவும் கூடாது.

மருத்துவமனைப் பயிற்சிகளில் ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. புறஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைச் சானிடைசரில் கலந்து, வழக்கம்போலப் பூசிக்கொள்ளச் சொல்வார்கள். பிறகு கையை விளக்கின் அடியில் நீட்ட வேண்டும். பூசிய இடமெல்லாம் நீலமாக ஒளிரும். உள்ளங்கை நடுவில் பிரகாசம், கொள்ளை அழகு. கட்டைவிரலைப் பார்த்தால் பாதி இருட்டு. விரல் நுனிகளில் நகத்தை ஒட்டிய பகுதி இருட்டு. விரலிடுக்குகளில் கறுப்புக் கோடுகள். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூட அசடு வழியும் இடம் இது. கதவுப்பிடியைத் தொடுவதும் கண்ணைக் கசக்குவதும் மூக்கைத் தொடுவதும் விரல் நுனிகள்தான். உள்ளங்கை நடுவால் யாரும் மூக்கைச் சொறிவதில்லை.

எனவே முதலில் விரல் நுனிகளை எதிர்க்கையின் உள்ளங்கைக் குழியில் நன்றாகத் தோய்த்துவிடுங்கள். பிறகு கட்டைவிரல்களைத் தனித்தனியே பிடித்துச் சுழற்றுங்கள். அப்புறம் புறங்கை, விரலிடுக்கு. உள்ளங்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: சோப்பா, சானிடைசரா?

தண்ணீரும் சோப்பும் எட்டும் தூரத்தில் இருந்தால் சோப்பு. கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் சந்தேகமே வேண்டாம், சோப்புதான். சானிடைசர் கொல்லும், ஆனால் எதையும் அகற்றாது. செத்ததும் சாகாததும் மேலே இருக்கும் அழுக்கும் கையிலேயே இருக்கும். வாகனத்திலோ வரிசையிலோ நோயாளியின் படுக்கையருகிலோ இருக்கும்போது சானிடைசருக்கு ஈடு இல்லை. நேரக் கணக்கிலும் அதற்கே சாதகம்: முறையாகக் கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும்.

மூக்கைச் சிந்திய கைக்கு இது இன்னும் முக்கியம். அதே கியோட்டோ ஆய்வுக் குழு 2019இல் வெளியிட்ட முடிவின்படி, ஈரமான சளிக்குள் இருக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸை எத்தனால் சானிடைசர் செயலிழக்கச் செய்ய ஏறத்தாழ 4 நிமிடம் ஆயிற்று. சளி காய்ந்திருந்தால் அரை நிமிடமே போதும். ஈரச் சளிக்குள் ஆல்கஹால் மெதுவாகத்தான் ஊடுருவுகிறது. சளி பட்ட கையைக் குழாயடியில் கழுவிவிடுவதே மேல்.

கேள்வி: எந்தக் கிருமியிடம் சானிடைசர் பலிக்காது?

கொழுப்பு உறை இல்லாத வைரஸ்களிடம் அதன் பாச்சா குறைவாகவே பலிக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸ் முக்கியமான உதாரணம். குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் என்ற பாக்டீரியாவின் விதைநுண்மங்களை, அதாவது கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் அதன் வடிவத்தை, ஆல்கஹால் ஒன்றும் செய்யாது. இவற்றுக்கெல்லாம் சோப்பும் தண்ணீரும்தான். வரப்போகும் கொள்ளைநோய் எந்த வகை வைரஸால் வரும் என்பதைப் பொறுத்துத்தான் சானிடைசருக்கு அன்றைக்கு மாலையா மறியலா என்பது முடிவாகும்.

கேள்வி: அப்படியானால் கோவிட் காலத்தில் நம்மைக் காப்பாற்றியது சானிடைசர்தானா?

ஒரு பங்கு. பெரும்பங்கு அல்ல. தொற்றின் பெருவழி மூச்சுக்காற்று என்பது போகப்போகத் தெளிவானது. கிருமி பட்ட ஒரு பரப்பை ஒருமுறை தொடுவதால் நோய் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000த்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. அதற்குள் நாம் வாங்கி வந்த பொட்டலங்களைக் குளிப்பாட்டி, செய்தித்தாளை வெயிலில் காயவைத்து, சாவிக்கொத்துக்கும் அபிஷேகம் செய்து முடித்திருந்தோம்.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. வாசலில் ஒருவர் நின்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு சொட்டு விடுவார். உள்ளே சன்னல் திறக்காத அறையில் இருநூறு பேர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு சொட்டு கிருமியைக் கொன்றதோ இல்லையோ, சன்னலைத் திறக்க வேண்டிய பொறுப்பிலிருந்து எல்லோரையும் விடுவித்தது. சானிடைசர் மீது வந்த கேலிகளில் இந்தக் காட்சியைக் குறிவைத்தவை எல்லாம் நியாயமான கேலிகள்.

அதற்காகச் சானிடைசரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. காற்றில் பரவும் நோயைத் தவிர வேறு நோய்களும் இருக்கின்றன. நோயாளிக்குப் பணிவிடை செய்கிறவர் கையில் அதன் மதிப்பு கொஞ்சமும் குறையவில்லை.

கேள்வி: மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது ஜோக் அடிப்பது சரியா?

அடிக்காமல் மனிதர்கள் இருந்ததே இல்லை. 1918இல் இன்ஃப்ளூயன்சா கோடிக்கணக்கானோரைக் கொன்றபோது, அந்த நோயின் பெயரையே விளையாட்டாக்கிய ஒரு பாட்டைப் பாடிக் குழந்தைகள் கயிறு தாண்டி விளையாடினார்கள். 2020இல், 'முன்பெல்லாம் வேறு சத்தத்தை மறைக்க இருமுவோம். இப்போது இருமலை மறைக்க வேறு சத்தம் தேவைப்படுகிறது' என்று பல மொழிகளிலும் ஒரே துணுக்கு ஓடியது.

எப்போது ஜோக் எடுபடும் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. 2012இல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயலைப் பற்றிய ஜோக்குகளை வெவ்வேறு நாள்களில் மக்களிடம் காட்டி, சிரிப்பு வருகிறதா என்று கேட்டார்கள். புயல் சேதத்தின் அளவு தெரியவந்த நாள்களில் சிரிப்பு குறைந்துபோனது. 36 நாள் கழித்து அதே ஜோக்குகள் உச்சத்தைத் தொட்டன. பிறகு மறுபடி சப்பென்று ஆயின. துயரம் மிக அருகில் இருந்தால் கோபம் வருகிறது, மிகத் தொலைவுக்குப் போய்விட்டால் கொட்டாவி வருகிறது.

புயலுக்குக் கரை கடந்த தேதி என்று ஒன்று இருக்கிறது. கொள்ளைநோய்க்கு அது கிடையாது. உங்களுக்கு அலுத்துப்போன ஆறாவது மாதம், உங்கள் குழுவில் இருக்கும் இன்னொருவருக்கு அப்பாவை ஆக்சிஜனில் வைத்திருக்கும் முதல் நாளாக இருக்கலாம். ஆகவே ஜோக் சரியா தவறா என்பதைவிட, அதைக் கேட்கப்போகிறவர் யார் என்பது பெரிய கேள்வி. ஒரு நண்பரிடம் சொல்லக்கூடியதை இருநூறு பேர் குழுவில் போடாமல் இருப்பது நல்லது.

கேள்வி: சிரிப்பு பயத்தைக் குறைக்குமா?

கொஞ்சம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 748 பேரிடம் மீம்களைக் காட்டிச் சோதித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். மீம் பார்த்தவர்களின் மனநிலை சற்று இலகுவாக இருந்தது. கோவிட் பற்றிய மீம் பார்த்தவர்களுக்குக் கோவிட் பற்றிய மன அழுத்தம் குறைவாக இருந்தது. பார்த்த கையோடு அளந்த மனநிலை அது என்பதையும் நினைவில் வைக்கவும். நாள் முழுக்க மீம் பார்த்தால் நாள் முழுக்க நிம்மதி என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

கேள்வி: சிரிக்கவைத்தால் மக்கள் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வார்களா?

இதற்கு இருக்கும் சான்று கோவிட்டுக்கு வெகுகாலம் முந்தையது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

ஜெனீவாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1990களின் நடுவில் டிடியே பிட்டே என்ற மருத்துவரின் குழு, மருத்துவரும் செவிலியரும் கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் எத்தனை முறை செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தது. பாதிகூட இல்லை: 1994இல் 48 சதவீதம். நேரமில்லை என்பதுதான் முதல் காரணம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவினால், கழுவுவதற்கே ஷிப்டில் பெரும் பங்கு போய்விடும். எனவே கழுவுதொட்டியை விட்டுவிட்டு ஆல்கஹால் திரவத்தைப் படுக்கையருகிலும் சட்டைப்பையிலும் கொண்டுவந்தார்கள்.

அதோடு இன்னொன்றும் செய்தார்கள். மருத்துவமனைச் சுவரெங்கும் கேலிச்சித்திரச் சுவரொட்டிகள். கையில் தொற்றிக்கொண்டு ஊர்சுற்றும் கிருமிகளைக் கேலிச்சித்திரக்காரர் ஒருவர் வரைந்தார். அதற்கான யோசனைகளை ஊழியர்களே கொடுத்தார்கள். 1997இல் கை சுத்தம் செய்யும் விகிதம் 66 சதவீதமாக உயர்ந்தது. மருத்துவமனையில் தொற்றிக்கொள்ளும் நோய்கள் 16.9 சதவீதத்திலிருந்து சில ஆண்டுகளில் 9.9 சதவீதமாகக் குறைந்தன. இதில் திரவத்தின் பங்கு எவ்வளவு, சிரிப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சுவரொட்டிகள் யாரைக் கேலி செய்தன என்பதைக் கவனியுங்கள். கிருமியை. நோயாளியையோ, கை கழுவ மறந்த செவிலியரையோ அல்ல.

தைவான் அரசு 2020 பிப்ரவரியில் இதே வழியில் போனது. முகக்கவசம் தயாரிக்கத் துடைப்புத்தாளின் மூலப்பொருளை எடுத்துக்கொள்வதால் கழிவறைத்தாள் தட்டுப்பாடு வரப்போகிறது என்று வதந்தி கிளம்பி, மக்கள் கடைகளை மொய்த்தார்கள். பிரதமர் தன் பின்புறத்தை ஆட்டியபடி நிற்கும் கேலிப்படத்தை அரசே வெளியிட்டது. ஆளுக்கு ஒரு பின்புறம்தானே இருக்கிறது என்பது அதன் வாசகம். அடியிலேயே ஒரு சின்ன விளக்கம்: கழிவறைத்தாளின் கூழ் தென் அமெரிக்காவிலிருந்து வருகிறது, முகக்கவசத்தின் மூலப்பொருள் உள்நாட்டுத் தயாரிப்பு. சிரிப்பு அந்தப் படத்தைப் பரப்பியது, கூடவே விளக்கமும் பயணம் செய்தது. தன்னையே கேலிப்பொருளாக்கிக்கொள்ளும் துணிச்சல் எத்தனை பிரதமர்களுக்கு வரும்?

கேள்வி: எந்த மாதிரி ஜோக் ஆபத்தானது?

கட்டளைபோலப் படிக்கக்கூடிய எதுவும். 'தினம் இரண்டு மூடி சானிடைசர் குடித்தால் வைரஸ் கிட்டே வராது' என்று எழுதுகிறவருக்கு அது ஜோக். நான்கு கைமாறி வருவதற்குள் எழுதியவரின் சிரிப்பு உதிர்ந்துபோய் வாக்கியம் மட்டும் மிஞ்சும். பயந்துபோயிருப்பவர் அதை மருந்துச்சீட்டாகப் படிப்பார். 2020 ஏப்ரல் 23 அன்று அப்போதைய அமெரிக்க அதிபர் டிரம்ப், கிருமிநாசினியை உடலுக்குள் செலுத்திப் பார்க்க முடியுமா என்று செய்தியாளர் கூட்டத்தில் யோசித்தார். மறுநாள், அதைக் கேலியாகத்தான் சொன்னேன் என்றார். அதற்குள் கிருமிநாசினி தயாரிப்பாளர்கள், தயவுசெய்து எங்கள் பொருளை எந்த வழியிலும் உடலுக்குள் செலுத்த வேண்டாம் என்று அறிக்கை விட நேர்ந்தது.

அதே ஆண்டு ஏப்ரல் முதல் தேதிக்கு முன்பாகவே, கொரோனாவை வைத்து முட்டாள்தின விளையாட்டு வேண்டாம் என்று தைவானும் தாய்லாந்தும் எச்சரித்தன. அதுவரை ஆண்டுதோறும் அன்றைக்கு வேடிக்கையாக ஏதாவது செய்துவந்த கூகுள் நிறுவனமும் அந்த ஆண்டு விளையாட்டை நிறுத்திவைத்தது.

கேள்வி: குடித்தால் உள்ளே இருக்கும் வைரஸ் சாகுமா?

சாகாது. குடித்தவர் சாகலாம். நுரையீரலில் இருக்கும் வைரஸைத் தொடும் அளவுக்கு ரத்தத்தில் ஆல்கஹால் ஏறினால் மனிதர் அதற்கு வெகு முன்பே போய்விடுவார். இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. ஈரானில் 2020இல், மதுபானம் கொரோனாவைத் தடுக்கும் என்ற வதந்தியை நம்பி மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் கலந்த சாராயத்தைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அமெரிக்காவில் அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களில் 2020 மே, ஜூன் மாதங்களில் மெத்தனால் கலந்திருந்த சானிடைசரைக் குடித்து நஞ்சேறி 15 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டது. குடிக்கக் கூடாது என்பதற்காகவே பல சானிடைசர்களில் கடும் கசப்பைச் சேர்க்கிறார்கள்.

கேள்வி: வோட்காவை வைத்து வீட்டிலேயே சானிடைசர் செய்துகொள்ளலாமா?

வோட்காவில் ஆல்கஹால் 40 சதவீதம்தான், போதாது. 2020 மார்ச்சில், உங்கள் வோட்காவில்தான் கை கழுவுகிறேன் என்று ஒருவர் பெருமையாகச் சொல்ல, டிட்டோஸ் என்ற அமெரிக்க வோட்கா நிறுவனம், எங்கள் சரக்கு 60 சதவீத அளவை எட்டாது, அதற்குப் பயன்படுத்தாதீர்கள் என்று தானாக முன்வந்து மறுத்தது. ஒரு மது நிறுவனம் தன் சரக்கில் காரம் பத்தாது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்ட அபூர்வமான தருணம்!

உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட செய்முறை இருக்கிறது: எத்தனால் 80 சதவீதம், கிளிசரால் 1.45 சதவீதம், ஹைட்ரஜன் பெராக்சைடு 0.125 சதவீதம். கலந்ததும் பயன்படுத்தக் கூடாது. குப்பிக்குள்ளேயோ திரவத்திலோ இருக்கும் விதைநுண்மங்களைப் பெராக்சைடு அழிப்பதற்காக 72 மணி நேரம் ஒதுக்கி வைக்க வேண்டும். அது மருந்தகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் எழுதப்பட்டது, சமையலறைக்கு அல்ல. அளவுக்கருவி இல்லாமல் கண்திட்டத்தில் கலந்தால் ஒன்று பலிக்காது, இல்லை தோல் புண்ணாகும், அதுவும் இல்லையென்றால் தீப்பிடிக்கும்.

கேள்வி: சானிடைசர் போட்டுப் போட்டு என் கைரேகை அழிந்துவிட்டது. ஜோதிடர் எனக்கு எதிர்காலமே இல்லை என்கிறார். என்ன செய்வது?

ஜோதிடரை மாற்றுங்கள். ரேகை அழியாது. தோல் வறண்டு மேல்படலம் உரிந்தால் கைப்பேசியின் விரல்ரேகைப் பூட்டு சில நாள் உங்களை அடையாளம் காண மறுக்கலாம். ஈரப்பசைக் களிம்பு தடவி வந்தால் பழைய உறவு திரும்பிவிடும்.

கேள்வி: கை எரிகிறதே, சானிடைசர் தோலைக் கெடுக்கிறதா?

எரிவதற்குக் காரணம் பெரும்பாலும் தோலில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணிய வெடிப்புகள். ஆல்கஹால் அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. கிளிசரால் சேர்த்த நல்ல சானிடைசர், அடிக்கடி சோப்புப் போடுவதைவிடத் தோலுக்குக் குறைவான தொல்லையே தருகிறது. வெந்நீரில் கழுவிய ஈரக்கையில் உடனே பூசுவதைத் தவிர்க்கலாம்.

கேள்வி: சானிடைசர் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினால் போதைச் சோதனையில் மாட்டுவேனா?

தோல் வழியே ரத்தத்தில் சேருவது மிகமிகக் குறைவு, போதை ஏறாது. பூசிய உடனே ஆவியை மூச்சில் இழுத்துவிட்டு ஊதுகருவியில் ஊதினால் கருவி தவறாகக் காட்டக்கூடும். சில நிமிடம் கழித்து மறுபடி ஊதினால் சரியாகிவிடும். நேற்றிரவு குடித்தவருக்கு இந்தச் சாக்கு உதவாது.

கேள்வி: முகக்கவசம், காய்கறி, உடம்பு முழுக்க எல்லாவற்றின்மீதும் தெளிக்கலாமா?

முகக்கவசத்தின்மீது வேண்டவே வேண்டாம். என்95 வகைக் கவசத்தின் இழைகளில் நிலைமின்னேற்றம் இருக்கிறது. நுண்துகள்களை இழுத்துப் பிடிப்பதில் அதற்குப் பெரும் பங்கு. ஆல்கஹால் பட்டால் அந்த மின்னேற்றம் போய்விடும். பார்க்கக் கவசம் அப்படியேதான் இருக்கும், வடிகட்டும் திறன் சரிந்திருக்கும். காய்கறிக்கு நல்ல தண்ணீர் போதும். ஆள்களை ஒரு சுரங்கம் போன்ற கூண்டுக்குள் நடக்கவிட்டுக் கிருமிநாசினியைப் பொழியும் ஏற்பாடுகள் 2020இல் பல இடங்களில் முளைத்தன. அப்படி மனிதர்கள்மீது தெளிப்பதை எந்தச் சூழ்நிலையிலும் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அந்த மே மாதமே சொல்லிவிட்டது. உள்ளே நுரையீரலில் இருக்கும் வைரஸ், சட்டைமீது விழும் தூறலைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

கேள்வி: குழந்தைகள் பயன்படுத்தலாமா?

பெரியவர் கண்முன்னால் பயன்படுத்தலாம். இதில் யாரும் எதிர்பாராத ஆபத்து ஒன்று வந்தது. பொது இடங்களில் காலால் மிதித்து அழுத்தும் சானிடைசர் தாங்கிகளைப் பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் வைத்தார்கள். சிறு குழந்தைக்கு அது சரியாகக் கண் மட்டம். பிரான்ஸில் நச்சுத் தகவல் மையங்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, குழந்தைகளின் கண்ணில் சானிடைசர் பட்ட சம்பவங்கள் 2019ஐவிட 2020இல் ஏழு மடங்காகியிருந்தன. சிலருக்குக் கருவிழியில் புண். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுப் பல நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் வெடிக்குமா?

வெடித்துச் சிதறிய காரின் படத்தோடு வந்த அந்தச் செய்தி பலரையும் பயமுறுத்தியது. எத்தனால் தானாகத் தீப்பிடிக்க 360 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். எந்த வெயிலும் காரை அப்படிக் காய்ச்சாது. ஆனால் தீப்பொறி பக்கத்தில் இருந்தால் கதையே வேறு. 70 சதவீத எத்தனாலின் ஆவி 20 டிகிரிக்கும் குறைவான வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். பூசிய கை முழுதாகக் காயும் முன் அடுப்பையோ சிகரெட்டையோ பற்றவைக்காதீர்கள். அந்தச் சுடர் வெளிர்நீலமாக இருக்கும். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாமல் கையைச் சுட்டுவிடும்.

கேள்வி: கை சுத்தத்தை வலியுறுத்திய முன்னோடி ஒருவரை உலகம் கேலி செய்ததாமே?

கேலியும் செய்தது, ஒதுக்கவும் செய்தது. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவ வார்டில், பிணவறையிலிருந்து நேராக வரும் மருத்துவர்கள் குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் 18 சதவீதத்துக்கு மேல் இருந்த தாய்மார் இறப்பு ஜூனில் ஏறத்தாழ 2 சதவீதமாக விழுந்தது. மருத்துவரின் கையே நோயைச் சுமக்கிறது என்ற கருத்து பெரிய மருத்துவர்களுக்குக் கசந்தது. அவர் 1865இல் மனநலக் காப்பகத்தில் இறந்தார்.

கேள்வி: வாங்கிக் குவித்த சானிடைசர் இன்னும் பெட்டி நிறைய இருக்கிறது. காலாவதியானதைப் பயன்படுத்தலாமா?

பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு ஆயுள் போடுவார்கள். மூடி இறுக்கமாக இருந்த குப்பி அந்தத் தேதி கடந்த மறுநாளே வீணாகிவிடாது. ஆனால் ஆல்கஹால் எவ்வளவு பறந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தளர்ந்த மூடி, பாதி காலியான குப்பி, மணம் மங்கியது என்றால் நம்ப வேண்டாம். மிச்சமானதைப் பெரிய அளவில் கழிவுக்குழாயில் கொட்டக் கூடாது. எரியும் திரவம் அது. உங்கள் பகுதியில் அபாயகரமான வீட்டுக்கழிவுகளைப் பெறும் ஏற்பாடு இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள்.